மனிதனுக்கு உண்மையிலேயே ஆபத்தான விலங்கு எது?

வெண்கொக்கு:

கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒருவரைச் சுறா தாக்கும் காணொளி ஒன்று இப்போது எல்லாக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் பலர் இனிமேல் கடலில் கால் வைக்கவே மாட்டோம் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை, பார்க்கவே நடுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனதை அரிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

யாரும் சீண்டாமல் சுறா தானாக வந்து தாக்கி இறப்பவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக ஆறேழு பேர்தான். கொசு கடித்து மலேரியா வந்து இறந்தவர்கள் 2023-இல் மட்டும் சுமார் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாம்புக்கடியில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை சாகிறார்கள். நாய் கடித்து ரேபீஸ் வந்து இறப்பவர்கள் சுமார் 59,000 பேர்.

சுறா ஒருவரைக் கடித்தால் உலகமே பேசுகிறது. வயலில் பாம்பு கடித்துச் செத்தவர் பெயர் பல நேரம் அரசுக் கணக்கிலேயே ஏறுவதில்லை. பயம் ஒரு பக்கமும் சாவு இன்னொரு பக்கமும் இருந்தால் பணமும் கவனமும் எங்கே போகும்? மருத்துவமனையிலோ காட்டை ஒட்டியோ வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

நீலவானம்:

நல்ல கேள்வி. ஆனால் கொசுவை இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியா? கொல்வது மலேரியா ஒட்டுண்ணி, கொசு அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதானே. பாம்பு, யானை, முதலை இவையெல்லாம் நேரடியாகத் தாக்குபவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பேச்சு குழம்பிவிடும்.

கணக்கன்:

நீலவானம், நீங்கள் சொல்வதை ஏற்றால் நாயையும் பாதிக்கு மேல் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அங்கேயும் கொல்வது வைரஸ்தான். சாகிறவருக்கு அந்த வித்தியாசத்தால் எந்தப் பயனும் இல்லை. கடி நடக்காமல் தடுத்தால் சாவு நடக்காது, அதனால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கொசுவைப் பற்றிச் சில விஷயங்கள். கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். கொசுவின் குடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார், 1902-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதாவது காரணம் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் இன்று மலேரியாவால் இறப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில், அவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிறையாத குழந்தைகள். மருந்து தெரியும், மருந்தடித்த கொசுவலை இருக்கிறது, தடுப்பூசிகூட வந்துவிட்டது. அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்றே பரிசோதனை செய்து மாத்திரை கிடைத்தால் பிழைத்துவிடும், மூன்று நாள் தள்ளிப்போனால் பிழைப்பது சந்தேகம். இந்தச் சாவுகளைக் கொசுவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

டெங்கு தனிக் கதை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும், சுத்தமான தேங்கிய நீரே அதற்குப் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் சேரும் தட்டை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓரத்தில், மிளகை விடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர். பாம்புக்கடி அதிகமாக வரும் மருத்துவமனையில் நீண்ட காலம் இரவுப் பணி பார்த்தவள், அதனால் பாம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடி என்றால் இரண்டு பல் தடம், இரத்தம், வீக்கம், வலி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விரியன் கடித்தால் பெரும்பாலும் அப்படித்தான், வீக்கம் கண்ணுக்கு நேரே ஏறும், ஈறிலிருந்து இரத்தம் கசியும். கட்டுவிரியன் பெயரில் மட்டும்தான் விரியன், அது அப்படி இல்லை. இரவில் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும், பலருக்கு விழிப்பே வராது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று வருவார்கள். கடித்த இடத்தைத் தேடினால் கிடைக்காது, வீக்கமும் இருக்காது. நாங்கள் முதலில் பார்ப்பது கண் இமையை. மேலே பாருங்கள் என்று சொன்னால் கண் போகும், ஆனால் இமை கூடவே ஏறாது, பாதியில் நின்றுவிடும். நோயாளி தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்து எச்சில் விழுங்க முடியாது, பேச்சு மூக்கால் வரும், அப்புறம் மூச்சு. அந்த நேரத்தில் செயற்கைச் சுவாசக் கருவி இருக்கும் இடத்தில் இருந்தால் பிழைத்துவிடுவார், சில நாள் கருவியில் இருந்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கருவி இல்லாத இடத்தில் அதே கடி உயிரை எடுத்துவிடும். பாம்பும் விஷமும் ஒன்றுதான், ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று, கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே அழித்துவிடும். அழிந்த பிறகு விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அந்தச் சேதம் உடனே திரும்பாது, நரம்பு தானாக ஆற வேண்டும். ஆகவே நேரம் மிக முக்கியம்.

செய்ய வேண்டியது: மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடித்த கை அல்லது காலை முறிந்த எலும்புக்குக் கட்டுவது போலக் கட்டை வைத்து அசையாமல் வையுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள், படுக்க வைத்துத் தூக்கிப் போங்கள். கிடைக்கிற வண்டியில் நேராக மருத்துவமனைக்கு.

செய்யக் கூடாதது: கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது, மின் அதிர்ச்சி கொடுப்பது. இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்களில் பிழைத்தும் காலை இழந்தவர்கள் உண்டு. உயிர் போகிறவர்களின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு பேர் கை கால் இழந்தோ நிரந்தர ஊனத்தோடோ வாழ்கிறார்கள், அந்தக் கணக்கை யாரும் பேசுவதே இல்லை.

பூவரசு:

அக்கா, மிகவும் பயனுள்ள பதிவு. ஒரு சந்தேகம். கடித்த பாம்பை அடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனால்தான் மருத்துவர் சரியான மருந்து கொடுக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

இரவுப்பணி:

வேண்டாம் பூவரசு. பாம்பை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். செத்த பாம்பின் தலையும் சிறிது நேரம் வரை கடிக்கும், அது அனிச்சைச் செயல். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மருத்துவர்கள் அறிகுறியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடமெல்லாம் தேவையில்லை.

கணக்கன்:

இரவுப்பணி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து 1890-களில் அதை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் கால்மெட் காலத்திலிருந்து அடிப்படையில் ஒரே முறையில்தான் தயாராகிறது. பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். எந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்தார்களோ அந்த வகைக்குத்தான் நன்றாக வேலை செய்யும். இந்தியாவில் கிடைப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வந்தது 1978-இல் சென்னைக்கு அருகே தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இந்த நான்கைத் தாண்டி வேறு பாம்பு கடித்தால், உதாரணமாக மூக்கு மேடிட்ட குழிவிரியன் கடித்தால், அந்த மருந்து உதவாது. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஆப்பிரிக்காவின் நிலைமை இன்னும் மோசம். அங்கே நம்பகமாக இருந்த ஃபாவ்-ஆஃப்ரிக் என்ற மருந்தை சனோஃபி நிறுவனம் 2014-இல் தயாரிப்பதை நிறுத்தியது, கடைசி இருப்பு 2016-இல் காலாவதியானது. லாபம் இல்லை என்பதுதான் காரணம். பாம்பு கடிப்பது ஏழைகளை, வெறும் காலில் வயலில் நிற்பவர்களை. அவர்களால் விலை கொடுக்க முடியாது, ஆகவே சந்தை இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கத்திக் கத்திச் சொன்ன பிறகு, 2017-இல்தான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

இந்தியாவின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை பன்னிரண்டு லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000. மருத்துவமனைப் பதிவுகளில் இருப்பது இதில் ஒரு சிறு பங்கு. வீட்டிலோ வழியிலோ போகிற உயிர் பதிவேட்டுக்கு வருவதே இல்லை.

மலையடி:

எல்லாம் சரி, ஆனால் இந்த எண்ணிக்கைப் பேச்சில் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. நான் காட்டோரத்தில் வேலை பார்ப்பவன். "சுறாவுக்குப் பயப்படாதே, புலிக்குப் பயப்படாதே, கணக்கு சொல்கிறது" என்பதைப் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். உலக மக்கள்தொகையால் வகுத்தால் யானையால் சாகும் வாய்ப்பு ஒன்றுமே இல்லை என்று வரும். ஆனால் யானை வழித்தடத்தில் குடியிருப்பவரை உலக மக்கள்தொகையால் ஏன் வகுக்கிறீர்கள்?

இந்தியாவில் யானைகளால் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இலங்கையில் நூற்றுக்கு மேல். பதிலுக்கு இலங்கையில் 2022, 2023 இரண்டிலும் ஆண்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்திருக்கின்றன, துப்பாக்கி, திருட்டு மின்வேலி, உணவுக்குள் வைக்கும் வெடி என்று. இரண்டு பக்கமும் சாவு. இதில் எண்ணிக்கைக்குள் வராத ஒன்றும் இருக்கிறது. அறுவடைக்கு முன் வாரக்கணக்கில் பரணில் விழித்திருக்கும் விவசாயி, இருட்டிய பிறகு வெளியே கழிப்பறைக்குப் போக அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள், யானை நடமாட்டம் என்றதும் பள்ளிக்கு அனுப்பப்படாத பிள்ளைகள். யாரும் சாகவில்லை, ஆனால் அந்த ஊரின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

யானை மனிதனைத் தேடி வந்து கொல்வதில்லை. பெரும்பாலான சாவு அதிகாலையிலோ அந்தி நேரத்திலோ, எதிரில் யானை நிற்பது தெரியாமல் மனிதர் நடந்து போய் முட்டிக்கொள்வதால் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டு வால்பாறையில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகள், யானை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மனிதர் நடமாடும் இடத்தைத்தான் கடக்க வேண்டும். காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவும் யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும், கைப்பேசியில் பேசும் குரலாகவும், உயரத்தில் வைத்த சிவப்பு விளக்காகவும் மக்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். விளக்கு எரிந்தால் அருகில் யானை, அந்தப் பக்கம் போகாதே. அவ்வளவு எளிமையான யோசனை, உயிரிழப்பு நன்றாகக் குறைந்தது. யானையை விரட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

கென்யாவில் லூசி கிங் என்பவர் தேன்கூட்டு வேலி அமைத்தார். வயலைச் சுற்றிச் சில மீட்டருக்கு ஒரு தேன்பெட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைத்திருப்பார்கள். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடி தேனீ கிளம்பும். பெரும்பாலான யானைகள் திரும்பிவிடுகின்றன, விவசாயிக்குத் தேனும் கிடைக்கிறது. ஆனால் கடும் வறட்சி வந்தால் தேனீக்கள் பெட்டியை விட்டே போய்விடும், அப்போது வேலி வெறும் கம்பிதான். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே மருந்து இதில் கிடையாது.

வெண்கொக்கு:

மலையடி, உங்கள் ஆட்சேபம் நியாயமானது. உலகச் சராசரி யாருடைய வாழ்க்கையையும் காட்டுவதில்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன தீர்வும் அக்கா சொன்ன தீர்வும் ஒரே இடத்துக்குத்தானே வருகின்றன? மனிதருக்குத் தகவலோ மருந்தோ நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஓடக்காரன்:

நீர்யானையை விட்டுவிட்டீர்கள். பார்க்கச் சாது போல இருக்கும், இலை தழை தின்னும் விலங்கு. எடை ஒன்றரை டன்னுக்கு மேல், கோரைப் பல் அரை மீட்டர் வரை வளரும், தரையில் மனிதனை விட வேகமாக ஓடும். இரவில் கரைக்கு வந்து மேயும், விடியும்போது ஆற்றுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றால் அவ்வளவுதான். இணையத்தில் அது கொல்பவர்களின் எண்ணிக்கை என்று விதவிதமாகச் சொல்கிறார்கள், ஒன்றுக்கும் மூலம் தெரியாது, ஆகவே நான் எண் எதையும் எழுதவில்லை.

முதலையில் ஆபத்து அதிகம் உள்ளவை நைல் முதலையும் உவர்நீர் முதலையும். தண்ணீர் எடுக்க, துணி துவைக்க, மீன் பிடிக்கத் தினமும் ஒரே இடத்தில் இறங்குபவர்களைத்தான் பிடிக்கிறது, ஏனென்றால் அது காத்திருந்து கவனிக்கும். கரையோரம் கம்பி அடைப்புப் போட்டுக் கொடுத்தாலும், ஊருக்குள் ஒரு கைப்பம்பு போட்டுக் கொடுத்தாலும் பாதி பிரச்சினை தீரும்.

நீலவானம்:

ஆட்கொல்லிப் புலி சிங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது, 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். பார்த்தால் அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன, இயல்பான இரையைப் பிடிக்க முடியவில்லை. 1898-இல் கென்யாவின் சாவோவில் ரயில் பாலம் கட்டும் தொழிலாளர்களைத் தின்ற இரண்டு சிங்கங்களில் ஒன்றுக்கும் பல் உடைந்திருந்தது. பெரும்பாலான புலி நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போவதுதான் வழக்கம். சுந்தரவனத்தில் 1986 வாக்கில் தேன் எடுப்பவர்கள் பின்மண்டையில் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள், புலி பின்னாலிருந்து பாயும் விலங்கு என்பதால். சில காலம் பலன் தந்தது, அப்புறம் புலிகளுக்குப் பழகிவிட்டது என்கிறார்கள்.

செங்காந்தள்:

புலி, சிங்கம் எல்லாம் இருக்கட்டும். தெருநாயைப் பற்றி ஏன் தயங்கித் தயங்கிப் பேசுகிறீர்கள்? நாய் கடிப்பதில் பாதிக்கப்படுவது குழந்தைகள். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையைக் கூட்டமாகத் துரத்துகிறது. ரேபீஸ் வந்தால் பிழைப்பதே இல்லை. இவ்வளவு ஆபத்தான ஒரு பிராணியைத் தெருவில் விட்டுவிட்டு எண்ணிக்கை பேசிக்கொண்டிருப்பதில் என்ன பயன்? பிடித்து ஒழிக்க வேண்டியதுதானே. விலங்கு நேயம் பேசுபவர்கள் ஒரு தடவை ரேபீஸ் வார்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

கணக்கன்:

செங்காந்தள், உங்கள் கோபம் புரிகிறது, ரேபீஸ் கடியில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான். ஆனால் கொன்று ஒழிப்பதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், பலன் தரவில்லை. இந்தோனேசியாவின் பாலி தீவில் 2008-இல் ரேபீஸ் நுழைந்தது, முதலில் பெரிய அளவில் நாய்களைக் கொன்றார்கள், நோய் பரவிக்கொண்டேதான் இருந்தது. கொல்லும்போது தடுப்பூசி போட்ட நாயும் சேர்ந்து சாகிறது, காலியான இடத்துக்கு எங்கிருந்தோ புது நாய் வருகிறது, அதற்கு எந்தத் தடுப்பூசியும் இருக்காது. பிறகு தீவு முழுவதும் நாய்களுக்கு ஊசி போட ஆரம்பித்ததும்தான் மனிதச் சாவு இறங்கியது. ஓர் இடத்தில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும் என்பது பல நாடுகளில் நிரூபணமானது. மெக்சிகோ இதைத்தான் விடாமல் செய்தது, நாயால் பரவும் ரேபீஸ் மனிதச் சாவு இல்லாத நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த முதல் நாடு அது.

நாயோடு சேர்த்துக் கழுகையும் சொல்ல வேண்டும், அதாவது பிணந்தின்னிக் கழுகை. 1990-களில் தெற்காசியா முழுவதும் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன, சில இனங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் போயே போய்விட்டது. என்ன காரணம் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. மாட்டுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோபினாக் என்று 2004-இல் தெரிய வந்தது. அந்த மாடு செத்ததும் கழுகு தின்னும், சில நாளில் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். கழுகு போனதும் செத்த மாடுகள் அப்படியே கிடந்தன, அதைத் தின்று நாய்கள் பெருகின, நாய்க்கடி பெருகியது, நீரும் கெட்டது. 2024-இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு, 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர் இறந்திருக்கலாம் என்று கணித்தது. அருவருப்பாகப் பார்க்கப்பட்ட ஒரு பறவை நமக்காக எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் தடை செய்தன. கழுகு இரண்டு ஆண்டில் திரும்பி வரும் பறவை இல்லை, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.

செங்காந்தள்:

தடுப்பூசி வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபது சதவீதம் போடும் நிர்வாகம் எத்தனை இடத்தில் இருக்கிறது? போடாத இடத்தில் பிள்ளை வைத்திருப்பவர் என்ன செய்வார்? தெருவில் சோறு போடுபவர்கள் அந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று பார்க்கிறார்களா? ரேபீஸ் இல்லாத நாய் கடித்தாலும் குழந்தையின் முகம் கிழிந்துதான் போகிறது. இதற்குப் பதில் சொல்லாமல் ஆய்வுகளை மட்டும் காட்டினால் என் மனம் ஒப்பாது.

மலையடி:

செங்காந்தள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யானை விஷயத்தில் நான் சொன்னதுதான் இங்கேயும். ஆபத்தோடு வாழ்பவரிடம் பொறுமையாக இரு என்று மட்டும் சொன்னால் அவர் நஞ்சு வைக்கத்தான் போவார். சோறு போடுபவர் ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்க வேண்டும், கடிக்கும் பழக்கமுள்ள நாயைத் தெருவிலிருந்து அகற்ற வேண்டும், குப்பையைத் திறந்து போடக் கூடாது. குப்பை இருக்கும் வரை நாய் இருக்கும்.

இரவுப்பணி:

ரேபீஸ் பற்றி வந்ததால் இதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தால் தாகத்தோடு வாய் வரைக்கும் கொண்டுபோவார்கள், உதட்டில் பட்டதும் தொண்டை இழுத்துக்கொள்ளும், கோப்பை கீழே விழும். நினைவு தெளிவாக இருக்கும்போதே இது நடக்கும் என்பதுதான் கொடுமை. ஆனால் கடித்த உடனே சரியாகச் செய்தால் வராமலே தடுத்துவிடலாம். 1885-இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றியதிலிருந்து நம்மிடம் இந்த வாய்ப்பு இருக்கிறது.

முதல் சிகிச்சை குழாயடியில். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து. வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். காயத்தை உடனே தைக்கவும் சொல்லாதீர்கள். பிறகு தடுப்பூசி, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று மருத்துவர் சொல்லும் அட்டவணை முழுவதையும் முடிக்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின், அதாவது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள், ஊசியாகப் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை யாராக இருந்தாலும் போடலாம். நாய் மட்டுமல்ல, பூனை, குரங்கு, வவ்வால் கடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

பூவரசு:

நாம் யாரும் பேசாத சாதாரண விலங்குகளையும் சேர்க்கலாமா? விஷப்பாம்புக்குப் பெயர் போன ஆஸ்திரேலியாவில் 2001 முதல் 2017 வரை விலங்குகளால் நடந்த சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குதிரையால், பெரும்பாலும் சவாரியில் விழுந்து. அடுத்து மாடு. பாம்பு அதற்கெல்லாம் பின்னால். அமெரிக்காவில் தேனீ, குளவி கொட்டி ஆண்டுக்குச் சராசரி 72 பேர் இறக்கிறார்கள், பெரும்பாலும் ஒவ்வாமையால். கொட்டிய சில நிமிடத்தில் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் ஓட வேண்டும்.

கணக்கன்:

ஆஸ்திரேலியாவில் பாம்பு பின்னால் போனதற்குக் காரணம் பாம்பு நல்லது என்பதல்ல. அங்கே மருந்து இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, காலில் செருப்போ பூட்ஸோ இருக்கிறது.

வெண்கொக்கு:

வவ்வால் பற்றி அக்கா தொட்டதால் நிபா வைரஸ் நோயையும் சொல்லிவிடுகிறேன். 1998-99-இல் மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள், வவ்வால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதருக்கு. பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். வங்கதேசத்தில் வேறு வழி. இரவில் ஈச்ச மரத்தில் கட்டிய பானையில் வவ்வால் வந்து சாற்றை நக்கிவிடும், காலையில் அதைப் பச்சையாகக் குடிப்பவருக்கு நோய். மூங்கில் பட்டையால் பின்னிய தட்டியை மரத்தின் வெட்டு வாயில் சுற்றிக் கட்டினால் வவ்வால் நெருங்காது. வவ்வாலைக் கொல்வதை விட இது மலிவு, பலனும் உண்டு, காட்டு மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் உயிரும் பிழைக்கும்.

தாமரைக்குளம்:

இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். அவசரமாக ஒரு கேள்வி. நேற்று மாலை தெருவில் இருந்த நாய்க்குட்டி என் மகளின் கையில் பல்லால் லேசாகக் கீறியது. இரத்தம் வரவில்லை, ஒரு சிவப்புக் கோடு மட்டும். குட்டிதானே, அதற்கு ரேபீஸ் இருக்காது என்கிறார்கள் வீட்டில். ஊசி தேவையா?

இரவுப்பணி:

தேவை. இரத்தம் வராத கீறலாக இருந்தாலும் தடுப்பூசி போட வேண்டும் என்பதுதான் விதி. குட்டி என்பதால் விலக்கு இல்லை, குட்டிக்கும் ரேபீஸ் வரும், அதற்கு ஊசி போட்டிருக்கவும் வாய்ப்புக் குறைவு. இப்போதே அந்த இடத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், நேற்று கழுவியிருந்தாலும் பரவாயில்லை. கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு நாள் கழிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தாமதமாகப் போனாலும் போடுவார்கள்.

குட்டியைக் கொல்லவோ துரத்திவிடவோ வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பத்து நாள் கவனியுங்கள், உயிரோடு நன்றாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மீதி ஊசிகளைப் பற்றி அவர் முடிவெடுப்பார். அதுவரை அட்டவணையை நிறுத்தாதீர்கள்.

தாமரைக்குளம்:

நன்றி அக்கா. முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தது மூன்றாம் நாள். குட்டி தெருமுனையில்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். தெருவில் இருக்கும் மற்ற நாய்களுக்கும் ஊசி போட யாரைக் கேட்க வேண்டும்?

மலையடி:

கால்நடை மருத்துவரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் சேர்த்தே மனு கொடுங்கள். எத்தனை நாய், எந்த நிறம், எங்கே படுக்கும் என்று எழுதி, முடிந்தால் படமும் வையுங்கள். ஆள் வரும் நாளில் அவற்றுக்குப் பழகியவர் ஒருவர் கூட இருந்தால் பிடிப்பது சுலபம். தெருவில் சோறு போடுபவர் யாரென்று பாருங்கள், முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.